பணம் புழங்கும் இடத்தில் நாணயம் வேண்டும்

வியாபாரம் வேறு, தருமம் வேறு என்று வாதிடுவோர் எல்லாக் காலத்திலும் உண்டு. சந்தையில் லாப நஷ்டக் கணக்குதான் செல்லும். பாவ புண்ணியக் கணக்கைக் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கட்சி. தவறு செய்தவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கையில் ஒழுக்கத்தைப் பற்றி உபதேசம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு மும்பை நகரமே பதில் சொல்லியிருக்கிறது.

2019 செப்டம்பர் கடைசி வாரத்தில் பஞ்சாப் அண்டு மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின் வாசல்களில் கூடிய கூட்டத்தை இந்நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். 1984-இல் சயானில் ஒரே கிளையாகத் தொடங்கி, 137 கிளைகளாக வளர்ந்த வங்கி அது. ஏறத்தாழ 9 லட்சம் பேர் சுமார் 11,600 கோடி ரூபாயை அதில் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு கணக்கிலிருந்து ஆறு மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பிறகு 10,000, 25,000 என்று படிப்படியாக உயர்த்தி, 2020 ஜூனில் ஒரு லட்சமாக்கியது. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவும், பள்ளிக் கட்டணமும், நிச்சயித்த கல்யாணத் தேதியும் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை.

காரணம் என்ன? வங்கி கொடுத்திருந்த கடனில் முக்கால் பங்குக்குச் சற்றே குறைவான தொகை, அதாவது 6,500 கோடி ரூபாய்க்கு மேல், ஒரே கட்டுமான நிறுவனக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க 21,000-க்கும் அதிகமான பொய்க் கணக்குகள் காட்டப்பட்டன என்பது போலீஸ் தரப்புக் குற்றச்சாட்டு.

அப்போது சட்டம் இல்லாமலா இருந்தது? சட்டம் இருந்தது; தணிக்கை இருந்தது; ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையும் இருந்தது. இத்தனையும் இருந்தும் சிறுசேமிப்புக்காரன் தெருவில் நின்றான். சட்டம் எப்போதும் சம்பவத்துக்குப் பின்னால்தான் வருகிறது என்பதை நம் சரித்திரமே காட்டுகிறது.

1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரர் கம்பெனி, அசையாது என்று நம்பிப் பணம் போட்டவர்கள் கலங்கி நின்றார்கள். ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஆனால் தண்டனை, போன பணத்தைக் கொண்டுவந்து விடுமா? அந்தக் கசப்பிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகுதான், 1962-இல் டெபாசிட்டுக்கு 1,500 ரூபாய்வரை காப்பீடு வந்தது. 1993-இல் ஒரு லட்சமான அத்தொகை 27 ஆண்டுகள் அசையவில்லை. மும்பையில் இத்தனை பேர் கண்ணீர் விட்ட பிறகு, 2020 பிப்ரவரியில் 5 லட்சமாயிற்று. முடக்கப்பட்ட வங்கியின் காப்பீட்டுத் தொகையை 90 நாளில் தர வேண்டும் என்ற திருத்தம் 2021-இல்தான் வந்தது. 2022 ஜனவரியில் அவ்வங்கி வேறொன்றுடன் இணைக்கப்பட்டபோது, 5 லட்சத்துக்கு மேல் போட்டிருந்தவர்களின் பாக்கிக்கு 10 ஆண்டுத் தவணை விதிக்கப்பட்டது. அறுபது வயதில் ஓய்வுபெற்றவர் எழுபது வரை காத்திருக்க வேண்டும்.

சட்டம் வந்து சேர்வதற்கு முன்னால் உள்ள இடைவெளியைக் காப்பது எது? மேஜைக்குப் பின்னால் இருக்கும் மனிதனின் மனசாட்சி ஒன்றுதான். ஒரு பொய்ப் பதிவு பேரேட்டில் ஏற வேண்டுமானால், எழுதச் சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், பார்த்தும் பாராமல் கையெழுத்திடுபவர் ஒருவர் என்று மூவர் வேண்டும். அவர்களில் ஒருவர் 'முடியாது' என்றால் பொய் அங்கேயே நின்றுவிடும். அப்படிச் சொன்ன குமாஸ்தாவுக்கு மாற்றல் உத்தரவு வரலாம், பதவி உயர்வு நிற்கலாம் என்பது உண்மையே. ஆகவே, நேர்மையாக நடப்பவனைக் காப்பாற்றுவதும் நிர்வாகத்தின், தொழிற்சங்கத்தின் கடமையாகிறது.

நேர்மையானவனுக்கு நஷ்டம் வராதா என்று கேட்கலாம். வரும். நல்ல மனம் மட்டும் வங்கி நடத்தப் போதாது, திறமையும் வேண்டும். ஆனால் நஷ்டத்தை அன்றே சொல்பவனிடம் பாதியாவது மிஞ்சும். மறைப்பவனிடம், அதை மறைக்க வாங்கிய புது டெபாசிட்டும் சேர்ந்து போகும்.

ஒழுக்கம் பணம் போடுகிறவர்களுக்கும் வேண்டும். அதிக வட்டி என்றதும், அது எங்கிருந்து வருகிறது என்று கேளாமல் ஓடுவது பேராசைதான். கூட்டுறவு வங்கிக்குக் காப்பீடு உண்டு. தெருமுனைப் பத்பேடிக்கு அது கிடையாது. ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான் வரம்பு. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகாத சீட்டில், ஊர்க்காரர் நடத்துகிறார் என்ற ஒரே காரணத்துக்காகச் சேருவது எத்தனை தாராவிக் குடும்பங்களை முடக்கியிருக்கிறது! ஊர்ப்பாசம் ரசீது ஆகாது.

காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே பெயரைத் தமிழ் வைத்திருக்கிறது. பின்னது போனால் முன்னதும் நிற்காது. சந்தைக்குத் தருமம் எதற்கு என்று கேட்பவர்கள், 2019-இல் அந்த வாசலில் பாஸ்புத்தகத்துடன் நின்ற முதியவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்.