இல்லத்துக் கணினி: பழைய குடித்தனத்தைக் காலி செய்தல்

தில்லியில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்து பழகிய நம்மவர்க்கு வீடு மாற்றுவது புதிய காரியமன்று. புதிய வீட்டின் சாவி கைக்கு வந்ததும், பழைய வீட்டின் சாமான்களை எண்ணி எடுத்து, மின்சாரக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் தீர்த்து, பரண்மீது ஒருமுறை ஏறிப் பார்த்த பின்னரே பழைய சாவியை ஒப்படைப்போம். இவ்வளவு கவனமுள்ள நாம், கணினியிலிருந்து பழைய இயங்குதளத்தை நீக்கும்போது மட்டும் பரணைப் பார்க்க மறந்துவிடுகின்றோம்.

அண்மையில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் பல இதைப்பற்றியே கேட்கின்றன. காரணம் தெரிந்ததே. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. அதனையொட்டிப் பல இல்லங்களில் விண்டோஸ் 11 குடியேறியிருக்கின்றது. சிலர் புதிதாக எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தியிருக்கின்றனர், சிலருடைய பிள்ளைகள் லினக்ஸை நிறுவிவிட்டுக் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டனர். ஆக, ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். பழையதை வெளியேற்றி இடத்தை மீட்பது எங்ஙனம் என்பதே அன்பர்களின் வினா.

முதலில், பழையது எவ்விதமாக உள்ளே இருக்கின்றது என்று அறிதல் வேண்டும். விண்டோஸ் 10-இன் மேலேயே விண்டோஸ் 11-ஐ ஏற்றியிருந்தால், பழையது 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற பெயரோடு சி டிரைவில் ஒரு கோப்புறையாகக் கிடக்கும். பல ஜிகாபைட் இடத்தை அது அடைத்துக்கொள்ளும். புதியது பிடிக்கவில்லையென்றால் திரும்பிச் செல்வதற்காக வைக்கப்படுவது அது; பத்து நாள் தவணை கழிந்தால் தானாகவே நீங்கிவிடும். பொறுமையில்லாதவர்கள் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று வரிசையாகச் சென்று, 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதைக் குறித்து நீக்கலாம். நீக்கிய பின் திரும்பிச் செல்ல வழியில்லை. கோப்புறையை நேராகப் பிடித்து டிலீட் செய்ய முயல்வோருக்கு அனுமதியில்லை என்ற பதிலே திரும்பத் திரும்ப வரும். அது கணினியின் பழுதன்று.

புதிய எஸ்.எஸ்.டி. பொருத்தியவர்களின் நிலைமை வேறு. இங்கேதான் அபாயம். பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கும்போதே புதிய தட்டில் விண்டோஸை நிறுவினால், அது ஒரு சிக்கனம் செய்வதுண்டு. கணினி கண்விழிக்கும்போது முதலில் தேடுவது 'ஈ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன்' என்னும் ஒரு சிறு பகுதியை. பெரும்பாலும் 100 மெகாபைட் அளவே உள்ள அதற்கு டிரைவ் எழுத்துக் கிடையாது. ஆகவே சாதாரணமாகக் கண்ணில் படாது. பழைய தட்டில் அப்பகுதி முன்பே இருப்பதைக் கண்டால், புதிய விண்டோஸ் தனக்கென்று வேறொன்று அமைக்காமல் அதையே பயன்படுத்திக்கொள்ளக்கூடும். அதாவது, வீடு புதியது; வாசற்கதவு மட்டும் பழைய வீட்டில். இதையறியாமல் பழைய தட்டை முழுவதும் அழித்துவிட்டால், மறுநாள் காலையில் கணினி துவக்குவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

ஸ்டார்ட் பொத்தானை வலப்புறமாக அழுத்தி 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்தால், எந்தத் தட்டில் அந்த ஈ.எஃப்.ஐ. பகுதி இருக்கின்றது என்று காணலாம். ஆயினும் இரண்டிலும் இருந்துவிட்டால் ஐயம் தீராது. நான் கைக்கொள்ளும் சோதனை எளியது. கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையும் எடுத்துவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுவேன். பிறகு கணினியைப் போட்டுப் பார்ப்பேன். புதியது தனித்து எழுந்தால் கதவு அதனிடமே உள்ளது. எழாவிட்டால் அணைத்துக் கேபிளை மறுபடி மாட்டிவிடலாம், நஷ்டம் ஏதுமில்லை. எழுந்தாலும் உடனே அழிக்காமல், ஒரு வாரம் பத்து நாள் பழைய தட்டு இல்லாமலே குடும்பம் நடத்திப் பாருங்கள். வருமான வரிக் காகிதம், பிரிண்டரின் மென்பொருள், கடைக்காரர்களின் கணக்குப் புத்தகம், பிரவுசர் நினைவில் வைத்திருந்த கடவுச்சொற்கள் என்று எது இல்லையென்பது அதற்குள் வெளிப்பட்டுவிடும். மடிக்கணினி வைத்திருப்போர் இதனை விவரமறிந்தவர் கையில் விடுவதே நன்று.

தனித்து எழாத கணினிக்கும் வழியுண்டு. புதிய தட்டில் ஒரு சிறு ஈ.எஃப்.ஐ. பகுதியை அமைத்து, 'பிசிடிபூட்' என்னும் கட்டளையால் துவக்கக் கோப்புகளை அதில் எழுதலாம். கட்டளைகளில் பழக்கமில்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம். கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு, பழைய தட்டைக் கழற்றிய நிலையிலேயே விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொள்ளட்டும். நீண்ட வழிதான், பிழை நேர இடமில்லாத வழியும் அதுவே. எதைத் தொடுவதற்கு முன்னும் பிட்லாக்கர் இருக்கின்றதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். துவக்கத்தில் மாறுதல் கண்டால் கணினி அதைக் கேட்கும்.

ஒரே தட்டில் இரண்டு பகுதிகளாகப் பிரித்து வைத்திருப்போர் பலர், 'எம்எஸ்கான்ஃபிக்' வழியே துவக்கப் பட்டியலிலிருந்து பழைய பெயரை நீக்கிவிட்டு, 'இடம் கூடவில்லையே' என்கின்றனர். பெயர்ப்பலகையைக் கழற்றினால் வீடு காலியாகுமா? டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பகுதியையே நீக்கினால்தான் இடம் வெறுமையாகும். அவ்வெற்றிடத்தைப் பக்கத்துப் பகுதியோடு சேர்ப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: அது சேர வேண்டிய பகுதிக்கு வலப்புறத்தில், இடையில் வேறெதுவுமின்றி ஒட்டியிருக்க வேண்டும். இடப்புறமிருந்தால் விண்டோஸின் சொந்தக் கருவியால் சேர்க்க இயலாது. பிற மென்பொருள்கள் பகுதிகளையே நகர்த்திச் சேர்த்துக் கொடுக்கும். நகர்த்தும் வேளையில் மின்சாரம் நின்றுவிட்டால் என்னவாகும் என்பதை நம் ஊர்க் கோடையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. என் யோசனை, அந்த இடத்தை அப்படியே ஒரு தனி டிரைவாக அமைத்துப் புகைப்படங்களுக்கு ஒதுக்கிவிடுவதே. லினக்ஸை நீக்குவோர், முதலில் கணினியின் துவக்க வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் வரும்படி மாற்றி, அவ்வாறே எழுகின்றதா என்று பார்த்த பின்னர் லினக்ஸின் பகுதிகளை நீக்கட்டும். இல்லையேல் 'கிரப்' என்ற கருந்திரையில் நிற்க நேரும்.

இதுவரை சொன்னவை எல்லா இல்லங்களுக்கும் பொது. இனிச் சொல்வது தமிழ்க் குடும்பங்களுக்கென்றே உரியது. பரண் என்று தொடக்கத்தில் குறித்ததும் இதைத்தான்.

என் தந்தையார் தமிழ்த் தட்டச்சில் கைதேர்ந்தவர். ஓய்வு பெற்ற பின், 2003-இல், விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றில் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதத் தொடங்கினார். தாமிரபரணிக் கரைக் கிராமம், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தில்லி வந்து இறங்கிய பனிக்காலம், உறவினர் பெயர்கள், விற்றுப்போன நிலத்தின் எல்லைகள் எல்லாம் அதிலிருந்தன. அறுபத்து நான்கு பக்கம் எழுதினார், முடிக்கவில்லை. 2011-இல் காலமானார். 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்குரிய ஆதரவு நின்றபோது, அதே கணினியில் விண்டோஸ் 7 நிறுவினேன். அவருடைய கோப்புகளையெல்லாம் ஒன்று விடாமல் நகலெடுத்துக்கொண்டு, எக்ஸ்பி இருந்த பகுதியை அழித்தேன். 40 ஜிகாபைட் இடம் மிச்சமானதில் பெருமையும் கொண்டேன்.

அவ்வாண்டு அவருடைய திதியன்று, தாத்தா ரயிலில் வந்த கதையைப் படிக்க வேண்டுமென்று என் மகள் கேட்டாள். கோப்பைத் திறந்தேன். அறுபத்து நான்கு பக்கமும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாக நின்றன.

கோப்பில் பழுதில்லை, எழுத்துருதான் போய்விட்டது. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருந்தனர். கணினியின் கணக்கில் அது ஆங்கிலமே. கண்ணுக்கு மட்டும் தமிழ். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதும் ஆளுக்கொரு விதம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் தரங்களை ஏற்றது. யூனிகோடில் தமிழுக்குத் தனியிடம் அதற்கு முன்பே இருந்தது. விண்டோஸ் 2000 அதற்கேற்ற லதா எழுத்துருவோடு வந்தது. 2010-இல் அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழகிய கைகள் பழகிய எழுத்துருவை விடவில்லை. அவ்வெழுத்துருக்கள் இருப்பதோ விண்டோஸ் கோப்புறைக்குள்ளிருக்கும் ஃபான்ட்ஸ் என்னுமிடத்தில். டாக்குமென்ட்ஸை நகலெடுப்பவர் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

ஒரு நற்பேறு, வேர்டு கோப்பு தன் எழுத்துருவின் பெயரை மறப்பதில்லை. எழுத்துரு கணினியில் இல்லாவிடினும் மேலேயுள்ள பெட்டியில் அதன் பெயர் நிற்கும். அப்பெயரை எழுதிக்கொண்டு பல வீடுகள் ஏறி இறங்கினேன். ஏழெட்டு மாதம் கழித்து நம் சங்கத்து அன்பர் ஒருவரின் பழங்கணினியில் அது கிடைத்தது. நிறுவிய கணத்தில் பக்கங்கள் தமிழாயின. பின்னர் மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றினேன். அங்கும் ஓர் இடர். பழைய தட்டச்சுப் பழக்கத்தில், 'ர' வர வேண்டிய இடங்களில் தந்தையார் துணைக்காலையே தட்டியிருந்தார். கண்ணுக்கு வேற்றுமையில்லை, மாற்றிக்கு உண்டு. அறுபத்து நான்கு பக்கத்தையும் வரிவரியாகத் திருத்த வேண்டியதாயிற்று. அதனால்தான் முழுவதும் படித்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே, பழைய தளத்தை அழிக்குமுன் ஃபான்ட்ஸ் கோப்புறை முழுவதையும் பென் டிரைவில் நகலெடுங்கள். பிறகு, வீட்டுப் பெரியவர்கள் எழுதிய கோப்பு ஒன்றைக் கைப்பேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் யூனிகோடு, கவலையில்லை. ஆங்கிலக் குறிகளாகத் தெரிந்தால், எழுத்துரு கைக்கு வந்து, கோப்பு யூனிகோடாக மாறி, இன்னொரு கணினியிலும் திறக்கும்வரை பழைய தட்டைத் தொடாதீர்கள்.

தந்தையாரின் கோப்புகளுள் ஒன்று இன்னும் வாய் திறக்கவில்லை. நான்கு பக்கம். அதை அவர் நோட்பேடில் சேமித்துவிட்டார். அவ்வகைக் கோப்பில் எழுத்துருவின் பெயர் பதிவதில்லை. கிடைத்த எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துவருகின்றேன். 2010-க்கு முன் வாங்கிய கணினி எவர் வீட்டிலாவது பரணில் இருந்தால், அதை அழிப்பதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்து வாசகசாலைக்கு ஒரு சொல் சொல்லியனுப்புங்கள். நான் பென் டிரைவோடு வருகின்றேன்.