பத்தாவது வந்தா பலகையை மூடணுமா?

போன மாசம் திண்டிவனத்துல ஒரு செஸ் போட்டி. ஒன்பது வயசுப் பொண்ணுகிட்ட தோத்தேன். சிரிக்கறவங்க சிரிச்சு முடிச்சுட்டு மேல படிங்க, நான் காத்திருக்கேன் :-)

ஓபன் பிரிவுக்குத்தான் பேர் குடுத்தேன். போய்ப் பாத்தா ஓபன்ல மொத்தமே ஏழு பேரு. தனியா நடத்த முடியாதுன்னு சொல்லி பன்னெண்டு வயசுக்குட்பட்டோரோட சேத்துட்டாங்க. ஹால் முழுக்கப் பசங்க. ஜன்னலுக்கு வெளிய அம்மா அப்பா கூட்டம், கையில டிபன் பாக்ஸ். நடுவுல தாடியோட நானு. மூணாவது ரவுண்டுல எனக்கு எதிர்ல உக்காந்த பொண்ணுக்கு நாற்காலியில கால் தரையைத் தொடல. ஆட்டிக்கிட்டே ஆடுது. ஆளுக்கு ஒரு யானை, கொஞ்சம் சிப்பாய்ங்கன்னு எண்ட்கேம் வந்துச்சு. ஒரு சிப்பாய் எனக்குக் கம்மி. சீக்கிரம் முடிச்சுட்டுப் போகலாம்னு யானைக்கு யானை மாத்திக்கிட்டேன். பத்து மூவ்ல கதை முடிஞ்சுது.

கை குடுத்துட்டு அந்தப் பொண்ணு சொல்லிச்சு, "அங்கிள், யானையை மாத்தாம இருந்திருந்தா டிரா." அங்கிள்! இருவத்தெட்டு வயசுல!

வெளிய வந்ததும் ஒரு அப்பா என்கிட்ட கேட்டாரு: "நீங்க எதுக்கு சார் இன்னும் ஆடறீங்க?" கிண்டலா கேக்கல. நெஜமாவே புரியாமக் கேட்டாரு. அந்தக் கேள்விதான் ஒரு மாசமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. அவருக்கு அன்னைக்குச் சொல்லாத பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்.

மொதல்ல அவரு பொண்ணை எதுக்கு சேத்துவிட்டாருன்னு நான் கேட்டேன். "கான்சன்ட்ரேஷன் வரும், மேத்ஸ் நல்லா வரும்" அப்படின்னாரு. எங்க அப்பாவும் இதையேதான் சொன்னாரு. விழுப்புரம் தெருவுல ஒட்டியிருக்கற செஸ் கிளாஸ் நோட்டீஸ் எதை வேணா எடுத்துப் பாருங்க, "ஞாபக சக்தி, கணிதத் திறன்"னு ஏதோ டானிக் பாட்டில்ல இருக்கற மாதிரி எழுதியிருக்கும்.

இது எவ்வளவு தூரம் உண்மை? இங்கிலாந்துல 100 தொடக்கப் பள்ளிகள்ல இதை முறைப்படி சோதிச்சுப் பாத்து 2016ல அறிக்கை வெளியிட்டாங்க. பாதிப் பள்ளிக்கு செஸ் கிளாஸ், மீதிக்கு இல்ல. ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா கணக்குத் தேர்வுல ரெண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்ல. செஸ் ஆடினா செஸ் நல்லா வரும். அவ்வளவுதான். இட்லி சாப்பிட்டா பசி அடங்கும், அதுக்காக ஐ.ஐ.டி. சீட்டு கிடைக்குமா?

"நல்லதுக்குத்தானே சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டுமே"ன்னு நீங்க கேக்கலாம். அங்கதான் எனக்குக் கோவமே. மார்க்குக்காக உள்ள வந்த ஆட்டத்தை, மார்க்குக்காகவே வெளிய தள்ளிடலாம். பத்தாவது வந்ததும் அதுதான் நடக்குது. 2012 கடைசியில நான் வாங்கின ரேட்டிங் 1180. 2013 பொதுத்தேர்வுக்கு முன்னாடி போர்டும் க்ளாக்கும் பரண் மேல போச்சு. அதே வருஷம் நவம்பர்ல சென்னையில ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு மோதினாங்க. விழுப்புரத்துலேருந்து ரயிலேறினா மூணு மணி நேரம். நான் ப்ளஸ் ஒன் ஸ்பெஷல் கிளாஸ்ல உக்காந்திருந்தேன். ஆனந்த் 6.5-3.5னு தோத்ததை மறுநாள் காலையில பேப்பர்ல பாத்தேன்.

அந்த சமயத்துல அரசுப் பள்ளிகள்ல செஸ் சொல்லித்தர திட்டம் வந்துச்சு, 7 வயசுலேருந்து 17 வயசு வரைக்கும். நல்ல திட்டம், குறையே சொல்ல மாட்டேன். ஆனா அந்த ரெண்டாவது நம்பரைப் பாருங்க. நம்ம ஊர் மனசுல இருக்கறது அப்படியே அதுல இருக்கு. பதினேழுக்கு மேல நீ கிராண்ட்மாஸ்டரா இருக்கணும், இல்லன்னா ஆடியன்ஸா இருக்கணும். நடுவுல ஆடறவன்னு ஒரு ஜாதியே கிடையாது.

சரி, அப்புறம் எதுக்குத் திரும்பி வந்தேன்? 2022 ஜூலை கடைசியில மாமல்லபுரத்துல ஒலிம்பியாட். வேட்டி கட்டின குதிரை 'தம்பி' ஊரெல்லாம் நின்னுச்சு. திண்டிவனம் தாண்டிப் போற ஒவ்வொரு பஸ்லயும் விளம்பரம். எல்லாரும் போற மாதிரி நானும் ஒரு நாள் பாக்கப் போனேன். அங்க என்னை அசைச்சது பிரக்ஞானந்தாவோ குகேஷோ இல்ல. ஏதோ ஒரு சின்ன நாட்டு டீம்ல கடைசி போர்டு. நரைச்ச தலை, தோத்துட்டாரு. தோத்தவரும் ஜெயிச்சவரும் பக்கத்து மேஜையில காயைத் திரும்ப அடுக்கி, "இங்க இது வச்சிருந்தா?"ன்னு அரை மணி நேரம் ஆடிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. பதக்கத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். வீட்டுக்கு வந்து பரண்ல ஏறினேன்.

ரேட்டிங் ஆசைன்னு சொல்லுவீங்க. அதையும் பாத்துடலாம். 2024 மார்ச் 1ந்தேதி ஃபிடே ஒரு காரியம் பண்ணாங்க. ரேட்டிங்கோட தரைமட்டத்தை 1000லேருந்து 1400 ஆக்கி, 2000க்குக் கீழ இருக்கற எல்லாரையும் ஒரே கணக்குல மேல தூக்கி விட்டாங்க. 2000க்கு எவ்வளவு குறையுதோ அதுல நாற்பது சதவீதம் கூட்டணும். என் 1180, ஒரே ராத்திரியில 1508 ஆச்சு. ஒரு காயைக்கூட நகத்தாம 328 புள்ளி! சந்தோஷம் வந்துச்சான்னா, சத்தியமா இல்ல. ஸ்கிரீன்ஷாட் கூட எடுக்கல. அதுக்கு ஆறு மாசம் முன்னாடி ஒரு டிரா பண்ணி நாலு புள்ளி ஏறினப்ப விழுப்புரம் ஜங்ஷன்ல நின்னு தனியா சிரிச்சுக்கிட்டிருந்தேன். அப்போ என்னைப் பிடிச்சு வச்சிருக்கறது அந்த நம்பர் இல்ல.

புகழா? மானுவல் ஆரோனைப் பாருங்க. 1961ல இந்தியாவோட முதல் சர்வதேச மாஸ்டர். 1962ல ஸ்டாக்ஹோம் இன்டர்சோனல் போனாரு. போர்டிஷ், உல்மன்னு ரெண்டு பெரிய ஆளுங்களை அடிச்சாரு. ஆனா மொத்தத்துல கடைசி இடம்! கடைசி இடம் வந்தவரு என்ன பண்ணியிருக்கணும், நம்ம ஊர் கணக்குப்படி? "போதும்டா சாமி"ன்னு வேலையைப் பாக்கப் போயிருக்கணும். அவரு 1981 வரைக்கும் தேசிய சாம்பியன் பட்டம் ஜெயிச்சாரு, 1959லேருந்து மொத்தம் 9 தடவை. 1972ல சென்னை சோவியத் கலாசார மையத்துல டால் செஸ் கிளப் ஆரம்பிச்சதுலயும் அவரு பங்கு பெருசு. அந்த கிளப்லதான் சின்னப் பையன் ஆனந்த் போய் பிளிட்ஸ் ஆடினது. ஜெயிச்சவன் உக்காந்திருக்கணும், தோத்தவன் எழுந்து வரிசையில நிக்கணும். அந்த வரிசையில நின்னவங்க எல்லாம் யாரு? பெரியவங்க. ஆபீஸ் முடிச்சு வந்து, ஒரு பொடியன்கிட்ட தோத்து, திரும்ப வரிசையில போய் நின்னவங்க. அவங்கள்ல முக்காவாசிப் பேர் பேரு நமக்குத் தெரியாது. அவங்க பத்தாவதோட பலகையை மூடியிருந்தா அந்தப் பையன் யார்கூட ஆடியிருப்பான்?

இப்போ என் பதில். நான் வேலை பாக்கற இடத்துல வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கும் ஒரு ரேட்டிங் போடுவாங்க. ஏதோ ஒரு ரூம்ல, நான் இல்லாதப்ப, யாரோ போடுவாங்க. ஏன் குறைஞ்சுதுன்னு கேட்டா "பட்ஜெட்"ம்பாங்க. செஸ்ல தோத்தா அப்படி ஒருத்தரையும் கைகாட்ட முடியாது. மழை இல்ல, அம்பயர் இல்ல, தாயக்கட்டை இல்ல, டீம்ல இன்னொருத்தன் கேட்ச் விட்டான்னு கிடையாது. யானையை மாத்தினது நான். என் கையெழுத்துல ஸ்கோர்ஷீட்ல இருக்கு. பத்து வருஷம் கழிச்சு எடுத்துப் பாத்தாலும் அதே மூவ்ல அதே தப்பு இருக்கும். தப்பு என்னோடதுன்னா திருத்தறதும் என்னால முடியும், இல்லையா? அந்த ஒரு உரிமை வாழ்க்கையில வேற எங்கயும் இவ்வளவு சுத்தமா எனக்குக் கிடைக்கல. ஜெயிக்கறதுக்காக ஆடறவன் நாலு தோல்வியில ஓடிடுவான். தோல்வி தனக்கே சொந்தம்னு ருசி கண்டவன் ஓட மாட்டான்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், 14வது ஆட்டம். உலக சாம்பியன் டிங் லிரன் 55வது மூவ்ல யானையை f2ல வச்சாரு. யானை மாறிச்சு, பிஷப் மாறிச்சு, சிப்பாய் எண்ட்கேம்ல போச்சு. பதினெட்டு வயசு குகேஷ் சாம்பியன். மாத்தக்கூடாத நேரத்துல மாத்தினது! திண்டிவனத்துல நான் பண்ணின தப்புக்கு அண்ணன் முறை ஆகுது அது. இந்த ஆட்டத்துல சாம்பியனும் நானும் ஒரே ஜாதித் தப்பைத்தான் பண்றோம். 1997ல, நான் பொறந்த வருஷம், டீப் ப்ளூ காஸ்பரோவை அடிச்சப்ப "இனிமே செஸ் காலி"ன்னு சொன்னாங்களாம். இன்னைக்கு என் பாக்கெட்ல இருக்கற போன் கார்ல்சனை அடிக்கும். யாரும் விட்டுட்டுப் போகல. ஏன்னா போன் தப்பு பண்ணா அதுக்கு வலிக்காது.

"அப்ப போன்லயே ஆடேன், ஆளுக்கா பஞ்சம்?" ஆடறேன், தினம் ராத்திரி. ஆனா தோத்ததும் எதிராளி காணாமப் போயிடுவான். "யானையை மாத்தாம இருந்திருந்தா டிரா"ன்னு சொல்ல அங்க யாரும் இல்ல. அவன் பக்கத்துல இன்னொரு போன்ல கம்ப்யூட்டரைக் கேட்டுக் கேட்டு ஆடறானோன்னு சந்தேகம் வேற. தோல்வியில ஒரு துளி சந்தேகம் கலந்துட்டாப் போதும், அது நம்ம சொந்தம் இல்லாமப் போயிடுது.

ஆக, ஆடறவனை ஓட்டறது தோல்வி இல்ல மக்களே. எதிர்ல உக்கார ஆள் இல்லாததுதான். விழுப்புரத்துல ரயில்வேயில ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் இருக்காரு. ஞாயித்துக்கிழமை காலையில அவர் வீட்டுத் திண்ணையில ஆடுவோம். "தம்பி, நீ சென்னையிலயே தங்கிட்டீன்னா நான் செவுத்தோடதான் ஆடணும்"னு ஒரு நாள் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல. ரேட்டிங் ஓபன் டோர்னமென்ட்னா நாலஞ்சு நாள், அதுவும் வார நாள்ல. எந்த மேனேஜர்கிட்ட லீவு கேக்கறது? ஊர்ப் போட்டின்னா எட்டு, பத்து, பன்னெண்டு, பதினஞ்சு வயசுன்னு நாலு பிரிவுக்கும் ஷீல்டு. ஓபனுக்கு ஏழு பேரு. ஒரு மாநிலம் முப்பது கிராண்ட்மாஸ்டருக்கு மேல குடுத்திருக்கு. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல நாற்பது கிலோமீட்டருக்குள்ள, முப்பது வயசுக்காரன் ஞாயித்துக்கிழமை போய் உக்கார ஒரு பொது மேஜை இல்ல. இதுக்கு கோடிக்கணக்குல எதுவும் வேணாம். ஒரு நூலகத்துல ரெண்டு மேஜை, வார இறுதி ரெண்டு நாள்ல முடியற போட்டி, ஓபன் பிரிவை ஒப்புக்கு வைக்காம நெஜமா நடத்தற மனசு. அவ்வளவுதான்.

அப்புறம், பெத்தவங்களே. குகேஷ் போட்டோவை "ஒழுக்கம், விடாமுயற்சி"ன்னு ஃபார்வர்ட் பண்றீங்க. அந்தப் பையன் நாலாங்கிளாஸுக்கு அப்புறம் ஒழுங்கா பள்ளிக்கூடமே போகல, அதை மட்டும் ஃபார்வர்ட் பண்றதில்ல. உங்க பிள்ளை பள்ளிக்கூடத்தை விடணும்னு நான் சொல்ல வரல. என்னை மாதிரி 1508ல நின்னாலும் பரவாயில்லன்னு சொல்றேன். பத்தாவது வந்தா வாரத்துக்கு ஒரு மணி நேரமாக் குறைங்க. பரண்ல மட்டும் ஏத்தாதீங்க. எனக்கு அதை இறக்க ஒன்பது வருஷம் ஆச்சு.

அந்தத் திண்டிவனத்துப் பொண்ணுக்கு இன்னும் ஆறு வருஷத்துல பத்தாவது. அதுக்கப்புறமும் அது ஆடணும். எனக்கு ஒரு பாக்கி இருக்கு.

டிஸ்கி: வீட்டுக்கு வந்து அந்த எண்ட்கேமை போன்ல போட்டுப் பாத்தேன். யானையை மாத்தாம இருந்திருந்தா டிராதான். கரெக்டாத்தான் சொல்லியிருக்கு.