ஓய்வு கேட்ட ரோட்ரி: உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கே லீவு கிடைக்காதது ஏன்?

2024 செப்டம்பர் 17. சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்கு முந்தைய நாள். மான்செஸ்டர் சிட்டியின் ஸ்பெயின் வீரர் ரோட்ரியிடம் செய்தியாளர்கள் கேட்டார்கள்: ஆட்டங்கள் இப்படிக் கூடிக்கொண்டே போனால் வீரர்கள் ஸ்ட்ரைக்கில் இறங்குவார்களா? கிட்டத்தட்ட அந்த நிலைக்கு வந்துவிட்டோம் என்றார் அவர். ஒரு சீசனுக்கு 40 முதல் 50 ஆட்டம் வரை ஒருவரால் உச்ச நிலையில் ஆட முடியும், அதைத் தாண்டினால் தரம் இறங்கிவிடும். இது அவர் சொன்ன கணக்கு.

ஐந்தே நாள்தான். செப்டம்பர் 22 அன்று ஆர்சனலுக்கு எதிராக ஆடும்போது, 21-வது நிமிடத்தில் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். வலது முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்திருந்தது, மெனிஸ்கஸும் சேதம். அக்டோபர் 28 அன்று பாரிஸில் பாலன் டி ஓர் விருது வாங்க மேடை ஏறியபோது, கையில் ஊன்றுகோல் இருந்தது.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனா அவருடைய கரியரைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. தன் துறையில் உச்சியில் இருக்கும் ஒருவராலேயே தன் வேலை நேரத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றால், அதைத் தீர்மானிப்பது யார்?

யார் இந்த ரோட்ரி?

முழுப்பெயர் ரோட்ரிகோ ஹெர்னாண்டஸ் கஸ்கான்டே. 1996-ல் மாட்ரிட்டில் பிறந்தவர். 11 வயதில் அட்லெட்டிகோ மாட்ரிட்டின் இளையோர் அணியில் சேர்ந்தார். 2013-ல், உடல்வலிமை போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து வில்லாரியல். கால்பந்து ஆடிக்கொண்டே காஸ்டெல்லோன் நகரில் உள்ள ஹவுமே பல்கலைக்கழகத்தில் பிசினஸ் படித்தார், மாணவர் விடுதியில் தங்கினார். அந்தக் காலத்தில் சோஷியல் மீடியா பக்கமே தலைகாட்டாதவர்.

வேண்டாம் என்று அனுப்பிய அதே அட்லெட்டிகோ 2018-ல் அவரைத் திரும்ப வாங்கியது. ஒரே வருஷத்தில், 2019-ல், 7 கோடி யூரோ கொடுத்து மான்செஸ்டர் சிட்டி தூக்கிக்கொண்டது. அப்போது அது அந்த கிளப்பின் சாதனைத் தொகை. 2023 ஜூனில் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இன்டர் மிலானுக்கு எதிராக ஒரே கோல், அதை அடித்தவர் ரோட்ரி. பிரீமியர் லீக், எஃப்ஏ கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என மூன்றையும் சிட்டி ஒரே சீசனில் வென்றது. 2024-ல் ஸ்பெயின் யூரோ கோப்பையை வென்றபோது தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். 1960-ல் லூயிஸ் சுவாரஸ் வாங்கிய பிறகு ஆண்களுக்கான பாலன் டி ஓர் விருதை வென்ற முதல் ஸ்பெயின்காரர் இவர்.

இல்லாதபோது தெரிந்த மதிப்பு

ரோட்ரி ஆடுவது டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் இடத்தில். எதிரணியின் தாக்குதலை நடுக்களத்திலேயே அறுப்பது, பந்தை வாங்கி ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது. ஹைலைட்ஸ் வீடியோவில் அதிகம் வராத வேலை. ஆனா எண்கள் கதை சொல்கின்றன. 2023 பிப்ரவரியிலிருந்து 2024 மே வரை அவர் ஆடிய 74 ஆட்டங்களில் சிட்டி தோற்கவே இல்லை (பெனால்டி ஷூட்அவுட் இந்தக் கணக்கில் சேராது). அதே 2023-24 சீசனில் தடை காரணமாக அவர் ஆடாத நான்கு ஆட்டங்களிலும் சிட்டி தோற்றது.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் இல்லாமல் ஓடாது என்றால், அவருக்கு யார் லீவு கொடுப்பார்கள்? 2022-23-ல் சிட்டிக்காக 56 ஆட்டம், அடுத்த சீசனில் 50. ஸ்பெயினுக்கு ஆடியது தனிக்கணக்கு. 2024 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டுடன் 3-3 என்று டிரா ஆன பிறகு, தனக்கு ஓய்வு தேவை என்று ரோட்ரியே வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த லீக் ஆட்டத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு ஆட்டம், அவ்வளவுதான். ஜூலையில் யூரோ இறுதியில், காயத்தோடு இடைவேளையில் வெளியேறினார்.

காலண்டரை யார் போடுகிறார்கள்?

ஒரு வீரருக்குச் சம்பளம் கொடுப்பது கிளப். ஆனா தேசிய அணி கூப்பிட்டால், அதற்கென ஒதுக்கிய நாட்களில் கிளப் அவரை விட்டே ஆக வேண்டும். உள்நாட்டு லீக், உள்நாட்டுக் கோப்பைகள், ஐரோப்பிய சம்மேளனமான யூஇஎஃப்ஏ, உலக அமைப்பான ஃபிஃபா என ஒவ்வொருவரும் தங்கள் போட்டிக்குத் தேதி போடுகிறார்கள். ஒரே ஊழியர், நாலைந்து மேனேஜர்கள்.

2024-25 முதல் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கட்டத்தில் 6 ஆட்டத்துக்குப் பதில் 8. 2025 கோடையில் 32 அணிகளோடு புதிய கிளப் உலகக் கோப்பை, பரிசுத்தொகை 100 கோடி டாலர். 2026 உலகக் கோப்பையில் அணிகள் 32-லிருந்து 48, ஆட்டங்கள் 64-லிருந்து 104.

தனித்தனியாகக் கேட்டால் எல்லோரிடமும் நியாயம் இருக்கிறது. பெரிய கிளப்புகளின் ஆட்டங்களில் சுமார் 1 சதவீதத்தைத்தான் நாங்கள் நடத்துகிறோம் என்று ஃபிஃபா தலைவர் இன்ஃபன்டினோ சொன்னார். லீக்குகளைப் பார்த்து ஃபிஃபா கேட்ட எதிர்க்கேள்வியும் சும்மா தள்ளிவிடக்கூடியது இல்ல: ஓய்வு பற்றிப் பேசும் நீங்கள், கோடைக்காலத்தில் உலகம் சுற்றி நட்பு ஆட்டங்கள் நடத்துவது எதற்கு? பிரச்சினை என்னன்னா, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என்ன குறை?

நியாயமான கேள்வி. இத்தனை ஆட்டம் ஆடுவது பெரிய கிளப், தேசிய அணி இரண்டிலும் இருக்கும் சிலர் மட்டுமே. கூடுதல் ஆட்டங்கள் தரும் டிவி பணத்தில்தான் அவர்கள் சம்பளமும் வருகிறது. ரோட்ரியின் காயத்துக்கு வேலைப்பளுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அது கார்னர் கிக்கின்போது நடந்த மோதலில் வந்தது. யூரோவுக்குப் பிறகு அவர் அந்த சீசனைத் தாமதமாகத்தான் தொடங்கியிருந்தார்.

ஆனா சம்பளம் எவ்வளவு கூடினாலும் முழங்கால் இரண்டுதான். பார்சிலோனாவின் பெட்ரியைப் பாருங்க. 2020-21-ல், 18 வயதில், யூரோவும் டோக்கியோ ஒலிம்பிக்கும் சேர்த்து 73 ஆட்டம் ஆடினார். அடுத்த சீசனில் அடுத்தடுத்து காயங்கள், கிளப்புக்காக ஆட முடிந்தது 22 ஆட்டம்தான். நஷ்டம் கிளப்புக்கும்தான். நாலு வருஷம் தொடர்ந்து பிரீமியர் லீக் பட்டம் வென்ற சிட்டி, ரோட்ரி இல்லாத 2024-25-ல் மூன்றாவது இடத்துக்கு இறங்கியது.

பிறகு என்ன நடந்தது?

2024 ஜூனில் இங்கிலாந்து, பிரான்ஸ் வீரர் சங்கங்கள் பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றத்தில் ஃபிஃபா மீது வழக்குப் போட்டன. அக்டோபரில் வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோவின் ஐரோப்பியப் பிரிவும் ஐரோப்பிய லீக்குகளும் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தன. போட்டி நடத்துவதும் ஃபிஃபா, விதி போடுவதும் ஃபிஃபாவா என்பதுதான் புகாரின் சாரம். ஆட்டங்களுக்கு இடையே 72 மணி நேர இடைவெளி, சீசன் முடிவில் குறைந்தது 21 நாள் விடுமுறை தேவை என்று 2025 ஜூலையில் ஃபிஃபா அறிவித்தது. அந்தப் பேச்சுவார்த்தையில் ஃபிஃப்ப்ரோ இல்லை.

ரோட்ரி 2025 மே 20 அன்று களத்துக்குத் திரும்பினார். ஆறு வாரம்கூட ஆகவில்லை. கிளப் உலகக் கோப்பையில் அல் ஹிலாலுக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி, கூடுதல் நேரத்திலேயே மறுபடியும் வெளியே வர வேண்டியிருந்தது.

இடைவெளியும் விடுமுறையும் நல்ல தொடக்கம்தான். ஆனா ரோட்ரி கேட்டது வேறு. ஒரு மனிதர் ஒரு வருஷத்தில் ஆடக்கூடிய மொத்த ஆட்டங்களுக்கு ஒரு உச்சவரம்பு. அதை யாராவது எழுத்தில் ஏற்கும்வரை, எப்போது ஓய்வு என்பதை முடிவு செய்யப்போவது காயம்தான்.