சுருக்குப் பையில் இருந்த மாத்திரை

என் மாமியாருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி வீட்டுக்கு அழைத்து வந்தேன். வாயில் வைத்த பஞ்சு சீக்கிரமே நனைந்துவிட்டது. மாற்றினேன், அதுவும் நனைந்தது. விளக்கு வைக்கும் நேரம் வரை பார்த்துவிட்டு, பயந்துபோய் ஆட்டோ பிடித்து மறுபடியும் பல் டாக்டரிடமே ஓடினோம்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க பாட்டி?" என்றார் டாக்டர்.

"இதயத்துக்கு ஆஸ்பிரின். அதான் காலையிலேயே சொன்னேனே!"

எனக்கு அப்போதுதான் அத்தையின் சுருக்குப் பை ஞாபகம் வந்தது. வெற்றிலை பாக்கோடு அதில் ஒரு மாத்திரை அட்டையும் இருக்கும். எடுத்துக் காட்டினேன். முழங்கால் வலிக்கு அவராகவே கடையில் வாங்கும் இபுபுரூஃபன்! "கால் வலிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அத்தை. எனக்கும் அது தெரியாதுதான்.

தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திவிட்டு டாக்டர் சொன்னார். காயம் பட்டால் ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அந்த இடத்தை அடைக்குமாம். ஒட்டுவதற்கு உதவும் பொருள் ஒன்றை உண்டாகவிடாமல் இந்த மாத்திரைகள் தடுத்துவிடுகின்றன. ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள் வரை, தேறுவதில்லை. இபுபுரூஃபனின் தடை ஒரு நாளுக்குள் விலகிவிடும். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கசிவது அதிகம்; வயிற்றுப் புண்ணும் வரலாம்.

"அப்போ இதய மாத்திரையையும் நிறுத்திடட்டுமா?" என்றேன்.

"ஐயோ, அதைத் தொடாதீங்க! இதய டாக்டரைக் கேளுங்க" என்றார்.

மறுநாள் இதய டாக்டர் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் இபுபுரூஃபன் முந்தி உட்கார்ந்துகொண்டால், ஆஸ்பிரின் வேலை செய்யாமலே வெளியேறிவிடுமாம். மாரடைப்புக்குக் காவல் இருக்கிற மாத்திரை வீணாகிறதே! சாதாரண ஆஸ்பிரின் என்றால் அதைச் சாப்பிட்டு அரை மணி கழித்தோ, அல்லது அதற்கு 8 மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவோதான் இபுபுரூஃபன் சாப்பிடலாம். அத்தையுடையது மேற்பூச்சு உள்ள ஆஸ்பிரின். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இதயக்காரர்களுக்கு இந்த வலி மாத்திரைகளே ஆகாது என்றும் சொன்னார். ரோஃபெகாக்ஸிப் என்ற மூட்டுவலி மாத்திரை, மாரடைப்பை அதிகரிக்கிறது என்று தெரிந்து 2004-ல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதாம்.

இப்போது அத்தைக்குப் பாராசிட்டமால்தான்; டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. காலையும் மாலையும் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மலம் கறுப்பாகப் போனாலும், இடிபடாமலே உடம்பில் நீலம் பாய்ந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். போகும்போது, கடையில் கேட்டு வாங்கியது உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். சுருக்குப் பையையும் ஒரு தடவை அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.