நாற்பது வளைவுக்கு எந்த ஆயில்?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பு வீடு என்று வைத்துக்கொள்வோம். கோவையில் வேலை பார்க்கும் மகன், நாலு வருடம் பணம் சேர்த்து, ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி முதல் தடவையாக வீட்டுக்கு ஓட்டி வந்திருக்கிறான். ஆழியாறு வழியாக வால்பாறை போய் வர ஆசை. கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறான். ஆயில் கீழ்க்கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

“ஏங்கண்ணு, நம்ம டிராக்டருக்கு வாங்குன ஆயில் சாளையில அரை கேன் கெடக்குது. அதை ஊத்திட்டுப் போறது?” என்கிறார் அப்பா.

“அது ஆகாதுங்கப்பா. இதுக்கு வேற ஆயிலுங்க.”

“ஆயில்ல என்ன சாமி வேற? எல்லாம் வழவழன்னு தான இருக்குது?”

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. கார் வைத்திருக்கும் பலருக்கே இதற்குப் பதில் தெரியாது. தெரியாமல் இருந்தால் சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை, லட்சங்களில் போய் நிற்கும்.

கேனில் எழுதியிருப்பது என்ன?

ஆயில் கேனில் பெரிய எழுத்தில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். அது எஸ்.ஏ.இ. என்ற அமைப்பு வகுத்த அளவு. ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிர்ந்திருக்கும் எஞ்சினில் ஆயில் சீக்கிரம் ஓடிப் போய்ச் சேரும். பின்னால் உள்ள எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்வது. 40 என்றால் 30-ஐ விடக் கெட்டி. 50 என்றால் அதைவிடக் கெட்டி.

“நம்மூரு வெயிலுக்குக் கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்துங்க, எஞ்சின் சத்தமே வராது” என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பழைய அம்பாசடருக்கு அது சரி. இன்றைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினில் ஆயில் போகும் பாதைகள் மிகக் குறுகல். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதும், டைமிங் செயினை இழுத்துப் பிடிப்பதும்கூட ஆயில் அழுத்தத்தால்தான் நடக்கின்றன. அளவுக்கு மீறிய கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். அந்த நேரத்தில் எஞ்சின் தேய்மானம் கூடும்.

மைலேஜுக்கு ஆசைப்பட்டு, 40 கேட்கும் எஞ்சினில் 20 ஊற்றுவதும் தவறுதான். மலை ஏறும் சூட்டில், பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே நிற்க வேண்டிய ஆயில் படலம் மெலிந்துபோகும். இரும்பு இரும்போடு உரசும்.

சின்ன எழுத்தைப் படியுங்கள்

கேனின் பின்பக்கம்தான் முக்கியம். ஏ.பி.ஐ. தரத்தில் ‘எஸ்’ என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, ‘சி’ என்று தொடங்கினால் டீசலுக்கு. அதற்கடுத்த எழுத்து அகர வரிசையில் தள்ளிப் போகப் போக, தரம் புதியது. 2020 மே மாதம் வந்த ‘எஸ்.பி.’ தரம், டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாறையும், டைமிங் செயின் தேய்வதையும் குறைக்கும் சோதனைகளைச் சேர்த்துக்கொண்டது. டிராக்டர் ஆயில் ஆகாது என்று மகன் சொன்னதன் காரணமும் இதுதான். அது டீசல் எஞ்சினின் புகைக்கரியைச் சமாளிக்கச் செய்தது. வேலை வேறு, மருந்து வேறு.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. கார் கம்பெனியின் சொந்த ஒப்புதல் எண். போர்ஷேவுக்கு ஏ40, பி.எம்.டபிள்யூ.வுக்கு லாங்லைஃப்-01, மெர்சிடிஸுக்கு 229.5, ஃபோக்ஸ்வாகனுக்கு 502.00 என்று ஒவ்வொரு கம்பெனியும், எஞ்சினைப் பொறுத்துத் தனித்தனி எண் வைத்திருக்கிறது. ‘ஒப்புதல் பெற்றது’ என்று எழுதியிருந்தால், அந்த ஆயில் கம்பெனியின் சோதனையில் தேறியது என்று பொருள். ‘பயன்படுத்த ஏற்றது’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது ஆயில் விற்பவர் சொல்லும் வாக்கு. இரண்டும் ஒன்றல்ல. கையேட்டில் உள்ள எண் கேனிலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஒன்பதாவது வளைவில் ஒரு நிமிடம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். டர்போ வைத்த காரில் அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். எதிரே வரும் புகையின் சூடு 900 டிகிரியைத் தொடும். அத்தனை வேகத்தையும் சூட்டையும் தாங்கி நடுவே நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. வரையாடு தெரிகிறது என்றதும் வண்டியை நிறுத்தி, அந்த நொடியே எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரும் இறங்குவோம். அப்போது ஆயில் ஓட்டம் நின்றுபோகும். ஆனால் டர்போவின் சூடு தணிந்திருக்காது. அங்கே தேங்கிய ஆயில் வெந்து, அடிப்பிடித்த பால்போலக் கரியாக ஒட்டிக்கொள்ளும். கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள். அல்லது நின்றபின் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

கிளம்பும்போதும் நிதானம் வேண்டும். டேஷ்போர்டில் தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிட்டால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். ஆனைமலையிலிருந்து ஆழியாறு வரைக்கும் மெதுவாகப் போனால், மலை தொடங்கும்போது ஆயிலும் தயாராக இருக்கும்.

கிலோமீட்டர் சொல்லும் பாதிக் கணக்கு

எப்போது மாற்றுவது? பெரும்பாலான கையேடுகள் 10,000 அல்லது 15,000 கிலோமீட்டர், இல்லையென்றால் ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்கின்றன. பலர் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட 125 மணி நேரம் ஆகும். மலைப் பாதையிலும் நகர நெரிசலிலும் சராசரி 25 கிலோமீட்டர்தான் என்றால், அதே தூரத்துக்கு 400 மணி நேரம். மீட்டரில் இரண்டும் ஒன்றே. எஞ்சினுக்கு மூன்று மடங்குக்கும் மேல் உழைப்பு.

எப்போதாவது எடுக்கும் வண்டிக்கு வேறு ஆபத்து. காந்திபுரம் வரை போய் வரும் பத்து நிமிட ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டை அடைவதில்லை. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். அதனால் 3,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றாலும் ஓராண்டு ஆனால் மாற்றியாக வேண்டும். தூசி, மலை ஏற்றம், குறுகிய ஓட்டம் ஆகியவற்றைக் கையேடுகள் ‘கடினமான பயன்பாடு’ என்று தனியே சொல்லி, இடைவெளியைக் குறைக்கச் சொல்கின்றன. தென்னைநார் ஆலைத் தூசி பறக்கும் பொள்ளாச்சி வட்டாரத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. ஏர் ஃபில்டரும் அதே நாளில் பார்க்கப்பட வேண்டும்.

பந்தயத் தடத்தில் ஓட்டினால் கணக்கே வேறு. கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே, எஸ்.கரிவர்தன் பெயரைத் தாங்கியது. மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் கார்களை உருவாக்கி, 1995-ல் விமான விபத்தில் மறைந்தவர் அவர். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர்தான். இப்படிப்பட்ட தடத்தில் வளைவுகளில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப்பு காற்றை உறிஞ்சும் அபாயம் உண்டு. அங்கே போகும்முன் ஆயில் மேல்கோட்டருகில் இருக்க வேண்டும். அங்கே ஓட்டும் ஆயிலுக்கு ஆயுளை மணிக்கணக்கில்தான் எண்ணுவார்கள்.

வாங்கும்போதும் கொட்டும்போதும்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால் முந்தைய சொந்தக்காரர் என்ன சொன்னாலும் சரி, முதல் வேலையாக ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். ஆயில் கறுத்திருப்பது குற்றமல்ல. அழுக்கை இழுத்துக்கொண்டதால் வந்த கறுப்பு அது. பால்போல வெளுத்திருந்தால்தான் கவலை. தண்ணீர் கலந்திருக்கலாம். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கூடாது. நுரைத்துப்போகும். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த வளைவு வரை என்று பார்க்காமல், பத்திரமாக ஓரம் கட்டி உடனே அணைக்க வேண்டும்.

போலி ஆயில் நடமாட்டம் உண்டு. பில்லோடு வாங்குங்கள். காலி கேனை ஓட்டை போட்டு எறியுங்கள். பழைய ஆயிலை வேலிக்காலுக்குப் பூசுவதும், தோப்பு ஓரம் ஊற்றுவதும் வேண்டாம். மழையில் கரைந்து கிணற்றுக்கும் ஆழியாற்றுக்கும்தான் போகும். சட்டப்படி அது அபாயக் கழிவு. மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம்.

தோப்பு வீட்டுக்கு வருவோம். மகன் அன்று மலை ஏறவில்லை. மெதுவாகப் பொள்ளாச்சி வரை போய், கையேட்டில் உள்ள எண்ணைக் காட்டி ஆயிலும் ஃபில்டரும் மாற்றிக்கொண்டு மத்தியானம் திரும்பினான். அப்பா பில்லைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அப்புறம் சொன்னார்: “எங்கப்பாரு சந்தைக்கு வண்டி பூட்டறதுக்கு முந்தி, அச்சுக்கு மை போடாம ஒரு நாளும் கெளம்புனதில்லீடா. மாட்டுக்குத் தெரியுமாம், மை காஞ்ச வண்டி.”

தேங்காய் வெட்டுக் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி மகனிடம் நீட்டினார். தேதி, கிலோமீட்டர், ஆயில் பெயர், ஒப்புதல் எண். நாலே வரி. அடுத்து மாற்ற வேண்டிய தேதியை ஐந்தாவது வரியாக அப்பாவே எழுதினார்.