பழைய சட்டையில் புதிய பாட்டு

தமிழாசிரியர் ஒருவர், நெடுங்கால நண்பர், ஒரு மாலைப்பொழுதில் என்னிடம் சினந்து பேசினார். அவருடைய மாணவன் ஒருவன் 'தி பேஸ்பால்ஸ்' என்னும் ஜெர்மானிய இசைக்குழுவின் பாட்டொன்றை அவருக்குக் கேட்கக் கொடுத்திருக்கிறான். "பாட்டு பிறருடையது, நடை பிறருடையது, தலைவாரலும் பிறருடையது. இவர்களுடையது என்று எஞ்சுவதுதான் என்ன?" என்று கேட்டார். கேள்வி கூர்மையானதே. ஆயினும் அது குத்தவேண்டிய இடத்தில் குத்தவில்லை என்பது என் துணிபு. அக்குழுவின்மீது எனக்கும் ஒரு குறையுண்டு. ஆனால் அது நண்பர் சொல்லும் குறையன்று.

குழுவை அறியாதார்க்குச் சிறிது சொல்ல வேண்டும். பெர்லின் நகரில் 2007ஆம் ஆண்டு தோன்றிய இக்குழுவின் முன்வரிசையில் நின்றவர்கள் மூன்று இளைஞர்கள். நெற்றிக்கு மேல் அலைபோல் உயர்த்தி எண்ணெய் தடவிய முடியும், 1950களின் அமெரிக்கச் சட்டையும் அவர்களுடைய அடையாளம். அவர்கள் பாடியதோ தங்கள் காலத்துப் பாட்டு. ரியானா, கேட்டி பெர்ரி, லியோனா லூயிஸ் ஆகியோரின் புகழ்பெற்ற பாடல்களை எடுத்து, அவற்றை ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட 'ராக்கபிலி' நடையில் பாடினார்கள். 2009இல் வெளிவந்த 'ஸ்ட்ரைக்!' என்னும் அவர்களுடைய முதல் இசைத்தொகுப்பு பின்லாந்திலும் சுவீடனிலும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்கே சென்றது. சுவீடனில் பழைய அமெரிக்கக் கார்களையும் அக்காலத்து இசையையும் போற்றும் 'ரகாரே' என்னும் இளைஞர் மரபு 1950களிலிருந்தே உண்டு. ஆகவே வடபுலத்தார் செவி இதற்கு முன்னமே பழக்கப்பட்டிருந்தது. ஜெர்மனிக்கும் இது முதல் முயற்சியன்று. சாஷா என்னும் பாடகர் 'டிக் பிரேவ்' என்ற கற்பனைப் பெயரில் 2003இலேயே இதே வழியில் பாடி வெற்றி பெற்றிருந்தார்.

நாம் பழைய மெட்டை எடுத்துக்கொண்டு சொல்லை மாற்றுகிறவர்கள். நாடக மேடையிலும் தொடக்ககாலத் திரைப்படத்திலும் பிறமொழி மெட்டுக்குத் தமிழ்ச் சொல் பொருத்திய வரலாறு நமக்கு உண்டு. இவர்களோ சொல்லையும் மெட்டையும் பெரிதும் அப்படியே விட்டுவிட்டு நடையை மாற்றினார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு அவர்களுடைய 'அம்பிரெல்லா'வைக் கேட்க வேண்டும்.

ரியானா 2007இல் பாடிய அப்பாட்டு, மழையில் நனையும் ஒருவரைத் தன் குடைக்குள் அழைக்கும் நட்பின் பாட்டு. கனத்த முரசொலி ஒன்று தொடக்கம் முதல் இறுதிவரை சுழன்று சுழன்று வரும். அந்த முரசொலி எவரும் அதற்கெனப் புதிதாக வாசித்ததன்று. ஆப்பிள் நிறுவனத்தின் 'கராஜ்பேண்ட்' என்னும் கணினி நிரலில், வாங்கியவர் யாரும் எடுத்தாளும்படி ஆயத்தமாகக் கிடந்த ஒரு தாளத் துணுக்கு அது. 'மூலம்', 'சொந்தம்' என்று நண்பர் போற்றும் பாட்டே கடையில் வாங்கிய செங்கல்மீது எழுந்த வீடு என்பதை அவர் அறியார். அதனால் அதன் பெருமை குறையவும் இல்லை.

அப்பாட்டின் பல்லவியில் குடை என்னும் ஆங்கிலச் சொல்லின் கடைசி அசைகள் உடைந்து, மீண்டும் மீண்டும் தெறித்து விழும். அதை நாடறியச் செய்ததே அந்தத் தெறிப்புத்தான். இப்போது ராக்கபிலிப் பாடகரின் பழைய வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். விக்கல் எடுத்ததுபோல் சொல்லின் நடுவே குரலை வெட்டுவது அவர்களுடைய தனிமுறை. படி ஹாலி அதில் பெயர்பெற்றவர். உடைந்த அசையும் விக்கும் குரலும் 2009இல் ஒன்றையொன்று சந்தித்தபோது, ஒன்றுக்காகவே மற்றொன்று பிறந்ததோ என்று தோன்றியது. இது குருட்டு நகலெடுப்பவனுக்குக் கிட்டும் காட்சியன்று. மூலத்தைக் கூர்ந்து கேட்டவனுக்கே அந்தப் பொருத்தம் புலப்படும். முரசை நீக்கிய பின்னும் பாட்டு நிற்கிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். ஒரு செய்யுளை உரைநடையாக்கிப் பார்த்தால்தான் அதில் ஓசைக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியும் என்று நாம் வகுப்பில் சொல்வதில்லையா?

'பிறர் பாட்டைப் பாடுவது இழுக்கு' என்பாரிடம் நான் இரண்டு சான்றுகளை வைப்பேன். ஒன்று நம் இலக்கணம். தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என வகுத்து, வழிநூலுக்குத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கு நெறிகளை ஓதுகிறது. முன்னோன் கண்ட முடிவை ஒப்புக்கொண்டு, பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்ப்பதே வழிநூலின் இயல்பு என்பது நன்னூலார் கருத்து. வான்மீகியின் கதையைப் பாடிய கம்பனைக் களவாளி என்பார் நம்மிடையே இல்லை. இலக்கியத்தில் ஒப்புக்கொண்ட ஒன்றை இசையில் மட்டும் இகழ்வது எந்த நியாயம்?

மற்றொன்று ராக்கபிலியின் பிறப்பு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; என் குறையும் இங்குத்தான் பிறக்கிறது.

1954ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள மெம்பிஸ் நகரில், சேம் பிலிப்ஸ் நடத்திய சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பத்தொன்பது வயது எல்விஸ் பிரெஸ்லி ஒரு பாட்டுப் பாடினார். உடன் இருந்தவர் இருவரே: கித்தார் வாசித்த ஸ்காட்டி மூர், ஆளுயர டபுள் பேஸ் வாசித்த பில் பிளாக். முரசு இல்லை. பேஸின் தந்தியை இழுத்து மரத்தின்மீது அறையவிட்ட ஓசையே தாளமாயிற்று. அன்று பாடிய 'தட்ஸ் ஆல் ரைட்' பிரெஸ்லியின் சொந்தப் பாட்டன்று. ஆர்தர் குரூடப் என்னும் கறுப்பின புளூஸ் பாடகர் 1946இல் பதிவு செய்தது அது. இசைத்தட்டின் மறுபக்கத்தில் இடம்பெற்றதும் இரவல்தான்: மலைநாட்டு இசைஞர் பில் மன்ரோ அதே 1946இல் மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் பதிவு செய்த 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி'. பிரெஸ்லி அதை நான்கெண்ணிக்கைத் துள்ளலாக்கினார். மன்ரோ சினக்கவில்லை, அதே 1954இல் தம் பாட்டை மீண்டும் பதிவு செய்தபோது, மூன்றில் தொடங்கி நான்குக்குத் தாவும்படி தாமே மாற்றிக்கொண்டார். வழிநூல் முதல்நூலைத் திருத்திய அரிய நிகழ்ச்சி இது! ஆக, ராக்கபிலி என்பதே எட்டாண்டுப் பழைய பாட்டுகளை வேறு நடையில் பாடியதால் பிறந்த கலை. அக்கலையைப் பின்பற்றுவோர் பிறர் பாட்டைப் பாடக் கூடாது என்பது, மீன்குஞ்சு நீந்தக் கூடாது என்பதைப் போன்றது.

ஆனால் அந்த இசைத்தட்டின் இரு பக்கங்களையும் எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் கறுப்பரின் பாட்டு. மறுபுறம் வெள்ளை மலைநாட்டாரின் பாட்டு. பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரித்துவைப்பது சட்டத்திற்கு மாறானது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது அதே ஆண்டு மே மாதம் 17ஆம் நாள். தீர்ப்பு வந்ததேயன்றி மெம்பிஸில் பிரிவினை அகன்றபாடில்லை. அந்நிலையில்தான் இரு பாட்டும் ஒரே குரலில் ஒரே தட்டில் வந்தன. ஜூலை மாதத்திலேயே டியூவி பிலிப்ஸ் என்னும் வானொலி அறிவிப்பாளர் அத்தட்டை ஒலிபரப்பினார். கேட்டோர் பலர் பாடகர் கறுப்பர் என்றே எண்ணினர். பிரெஸ்லியை நிலையத்துக்கு வரவழைத்த அறிவிப்பாளர், அவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்டார். ஹியூம்ஸ் பள்ளி என்று விடை வந்தது. வேறொன்றும் கேட்கத் தேவையில்லை. அது வெள்ளையர் பள்ளி. கேட்டோர்க்கு நிறம் விளங்கிவிட்டது. ஒரு பாட்டைக் கேட்டு மகிழ்வதற்கு முன் பாடியவனின் தோலை அறிந்துகொள்ள வேண்டியிருந்த ஊரில் பிறந்த நடை இது. அதன் துள்ளலுக்குள் ஒரு நடுக்கம் இருந்தது என்றால் வியப்பென்ன? குரூடப்போ தமக்குரிய உரிமைத் தொகையை முழுமையாகப் பெறாமலேயே 1974இல் காலமானார்.

இந்த இடத்தில்தான் எனக்கும் பேஸ்பால்ஸ் குழுவுக்கும் வழக்கு. அவர்கள் அந்த நடையின் விக்கலை எடுத்தார்கள். தந்தியின் அறையை எடுத்தார்கள். முடியின் அலையையும் எடுத்தார்கள். நடுக்கத்தை எடுக்கவில்லை. லியோனா லூயிஸின் 'பிளீடிங் லவ்' காயம்பட்டும் காதலை விடாத ஒருத்தியின் குரல். இவர்கள் பாட, அது என் செவிக்கு விடுமுறைநாள் உலாவாகவே கேட்கிறது. எந்தப் பாட்டை உள்ளே விட்டாலும் ஒரே இனிப்பாக வெளிவரும் பொறியாக நடை ஆகிவிட்டது. 1950கள் என்றால் பளபளக்கும் காரும், பால்பானக் கடையும், சுழலும் பாவாடையுமே என்று எண்ணவைக்கும் படம் அது. பிரித்துவைத்த பள்ளிகளும் பேருந்து இருக்கைகளும் அப்படத்தின் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிட்டன. பார்படோஸ் தீவில் பிறந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் பாட்டு, குரூடப்பின் கடனில் வளர்ந்த நடைக்குள் வந்து சேர்ந்தபோது எத்தனையோ பொருள் பேசியிருக்கலாம். ஒன்றும் பேசவில்லை.

"களிப்பூட்ட வந்தவரிடம் வரலாற்றுப் பாடம் கேட்கலாமா?" என்று கேட்போர் இருப்பர். நான் சொற்பொழிவு கேட்கவில்லை. 1980இல் நியூயார்க்குப் புறநகரிலிருந்து லண்டனுக்குச் சென்ற 'ஸ்ட்ரே கேட்ஸ்' குழுவினரும் இதே முடியும் இதே பேஸுமாக வந்தவர்கள்தாம். அவர்களும் வரலாறு போதிக்கவில்லை. ஆனால் பழைய நடையில் தம் தெருவையும் தம் திமிரையும் சொந்தப் பாட்டாகப் பாடினார்கள். உடுப்பு பழையது, உள்ளே இருந்த ஆள் உயிரோடு இருந்தான். நான் தேடுவது அந்த ஆளைத்தான்.

இனி, நம் பக்கம் ஒரு சொல். ஜெர்மானியரைக் குறைகூறிய நண்பர் ஆண்டுதோறும் மாணவர் கவிதைப் போட்டிகளுக்கு நடுவராக இருப்பவர். அப்போட்டிகளுக்கு வரும் கவிதைகளை நானும் படித்திருக்கிறேன். கைப்பேசியைப் பற்றிய கவிதையில் 'யாங்ஙனம்' வரும். அடுக்குமாடி வீட்டைப் பற்றிய பாட்டில் தலைவி பசலை பூப்பாள். காட்டை அழித்துக் கட்டிய நெடுஞ்சாலையின் ஓரம் குறிஞ்சி மலரும். சங்கச் சொல் வந்தவுடன் நாம் மதிப்பெண்ணை உயர்த்திவிடுகிறோம். பசலை என்பது பிரிவு நீண்டு உடல் நிறம் மாறும் துயரம் என்பதை அம்மாணவன் உணர்ந்தானா என்று நாம் கேட்பதில்லை. இது சங்க உடுப்பில் வந்த பேஸ்பால்ஸ் அல்லாமல் வேறென்ன? அவர்களாவது உடுப்பை நன்றாகத் தைத்துக்கொண்டார்கள். மூலத்தைக் கூர்ந்து கேட்டார்கள். நம் மாணவர்க்கு அந்தக் கேள்வியறிவையும் நாம் கொடுப்பதில்லை. அவனிடம் 'நகலெடுக்காதே' என்று சொல்லிவிட்டு, நகலுக்கே பரிசும் வழங்குகிறோம்.

ஆதலால் நண்பரிடம் ஒன்று சொன்னேன். மாணவன் கொடுத்த பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். குரூடப் 1946இல் பாடியதை முதலில் ஒலிக்கவிடுங்கள். அடுத்து பிரெஸ்லி 1954இல் பாடியது; அடுத்து ரியானாவின் 2007; இறுதியில் இந்த ஜெர்மானியரின் 2009. நான்கும் சேர்ந்து கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எது மூலம், எது நகல் என்று கேட்காமல், பாடுகிறவருக்கு எந்தப் பாட்டில் இழப்பதற்கு ஏதோ இருந்தது என்று மட்டும் கேளுங்கள். மாணவர் விடை சொன்ன பின், மெம்பிஸ் வானொலியில் கேட்கப்பட்ட அந்தப் பள்ளிக் கேள்வியைச் சொல்லிவிட்டு, இரண்டாம் பாட்டை இன்னொரு முறை ஒலிக்கவிடுங்கள்.