பாட்டு பதிய ஓர் அமைதியான அறை

சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளையில் வீட்டிலேயே பாட்டு பதிகிறவர்களுக்கு இரவு பதினொன்றுக்கு மேல்தான் வேலை நேரம். இருநூறடி சாலையில் லாரி குறைய வேண்டும். கடைசித் தண்ணீர் டேங்கர் போய்ச் சேர வேண்டும். மாடி வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் ஓய வேண்டும். பிறகு ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, வியர்க்க வியர்க்க ஒரு பல்லவி. மூன்றாவது வரிக்கு வரும்போது மீனம்பாக்கத்திலிருந்து ஒரு விமானம் கிளம்பும். மறுபடியும் முதலிலிருந்து பாட வேண்டும்.

கருவி இல்லாததால் வரும் சங்கடம் இல்லை இது. கணினி ஒன்று இருந்தால் போதும். இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஸ்டாண்ட், காதை முழுதாக மூடும் ஹெட்போன் எல்லாமே ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம். ரீப்பருக்குத் தனிநபர் உரிமம் 60 டாலர். எல்லாம் மலிவாகிவிட்ட இந்தக் காலத்தில் அரிதாகிப்போனது அமைதி ஒன்றுதான். புறநகர்வாசி அதைத் தன் கைக்காசில் முழுதாக வாங்க முடியாது. ஊர்தான் தர வேண்டும்.

வீட்டு ஸ்டுடியோ சென்னைக்குப் புதிதல்ல. ஏ.ஆர்.ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஸ்டுடியோவைத் தொடங்கினார். தாயார் நகையை விற்றுத் தந்த பணத்தில்தான் முதல் ரெக்கார்டர் வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் இசை அங்கே உருவானது. முதல் படத்திலேயே தேசிய விருது. பெரிய ஸ்டுடியோக்களின் கால்ஷீட்டுக்கு ஓடாமல், நள்ளிரவில் தோன்றியதை நள்ளிரவிலேயே பதிந்து பார்க்கும் வசதி ஓர் இளைஞனுக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அன்று நகையை விற்று வாங்கியது இன்று தோள்பையில் அடங்கும். அமெரிக்காவில் பில்லி ஐலிஷும் அவருடைய அண்ணன் ஃபினியஸும் தங்கள் முதல் ஆல்பத்தை லாஸ் ஏஞ்சலஸின் ஹைலண்ட் பார்க் பகுதியில், வீட்டுப் படுக்கையறையில் பதிந்தார்கள். 2020 கிராமி விழாவில் முதன்மையான நான்கு விருதுகளும் பில்லிக்கே கிடைத்தன. இதைக் கேட்டுவிட்டுத்தான் நம் பிள்ளைகளும் மைக் வாங்குகிறார்கள். வாங்கி முதல் வாரத்திலேயே சோர்ந்துபோகிறார்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது.

காரணம் மைக் அல்ல, அறை. நம் ஃபிளாட்டுகளின் சின்னப் படுக்கையறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. உயரமும் ஏறக்குறைய பத்தடி. ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே நொடிக்கு 56 அதிர்வுள்ள ஒலியும், அதன் மடங்கான 112, 168-உம் சிக்கிக்கொண்டு வீங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் அதே ஒலிகளே வீங்கும். ஆண் குரலின் கீழ் ஸ்வரங்களும் மிருதங்கத்தின் தொப்பியும் அங்கே குழம்பிப்போவது இதனால்தான். வெற்றறையில் ஒருமுறை கை தட்டிப் பார்த்தால் தெரியும். தட்டி முடித்த பிறகும் 'ட்ர்ர்' என்று ஒரு வால் நீளும். ஒரு கீழ் ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால் மூலையில் நிற்கும் இரும்பு பீரோவும் கூடவே முனகும்.

இதற்கு வீட்டிலேயே மருந்து உண்டு. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, மெத்தையைச் சுவரில் சாய்த்து, தரையில் ஜமக்காளம் விரித்தாலே எதிரொலி பாதி அடங்கும். மூலைகளில் நான்கு அங்குல ராக்வூல் பலகைகளைத் துணி சுற்றி நிறுத்தினால் கீழ் ஸ்வரங்கள் ஓரளவு தெளியும். முட்டை அட்டையை ஒட்டிப் பயனில்லை. சின்னச் சத்தத்தையும் விடாமல் பதிவு செய்யும் கண்டென்சர் மைக்கைவிட, வாய்க்கு நெருக்கமாக வைத்துப் பாடும் டைனமிக் மைக் இத்தகைய அறைக்குப் பொருந்தும். 1966-இலிருந்து மேடைகளில் புழங்கும் ஷூர் எஸ்எம்58 அந்த வகைதான். முதல் ரூபாயை அறைக்குச் செலவிட்டு மிச்சத்தில் மைக் வாங்குவதே சரி.

ஆனால் மெத்தையும் ராக்வூலும் உள்ளே பிறக்கும் எதிரொலியைத்தான் உறிஞ்சும். வெளியிலிருந்து வரும் விமானத்தையும் லாரியையும் தடுக்க எடை வேண்டும். கனமான சுவர், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், இடுக்கில்லாத கதவு. கதவடியில் ஒரு விரல் இடுக்கு இருந்தாலும் சத்தம் தண்ணீர்போல் கசியும். வாடகை வீட்டில் குடியிருப்பவர் இதில் எதைச் செய்ய முடியும்? நாதஸ்வரமும் தவிலும் பதிய நினைப்பவருக்கு ஃபிளாட்டில் இடமே கிடையாது.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வகுத்திருக்கின்றன. அவற்றை முறையாக அமல்படுத்தினாலே பாதி நிம்மதி. மீதிப் பாதிக்கு ஓர் அறை கட்ட வேண்டும். அதைக் கட்ட வேண்டிய இடம் நூலகம்.

இது நடக்காத கற்பனை இல்லை. 2018-இல் ஹெல்சிங்கியில் திறந்த ஊடி பொது நூலகத்தில் இசைப்பதிவு அறைகள் இருக்கின்றன. முன்பதிவு செய்து யாரும் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டுக்கு நூலக விஷயத்தில் நீண்ட மரபு உண்டு. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சியால் 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. கீழ்க்கட்டளை அடங்கிய தாம்பரம் மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டும் ஒவ்வொரு வீடும் அதில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறது. கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில், வீட்டில் இடமில்லாதவர்கள் உட்கார்ந்து படிக்கவும் வேலை பார்க்கவும் வசதி செய்திருக்கிறார்கள். படிக்க இடம் இல்லாத பிள்ளைக்கு அரசு இடம் கொடுப்பது நியாயம் என்றால், பாட இடம் இல்லாத பிள்ளைக்கும் அதே நியாயம்தான்.

மழைநீர் வடிகாலே ஒழுங்காக இல்லாத புறநகரில் ஸ்டுடியோ கேட்கலாமா என்று சிலர் நினைக்கலாம். வடிகாலுக்கான பணத்தை யாரும் கேட்கவில்லை. நூலக வரி நூலகத்துக்கென்றே வசூலாவது. அந்த அறையும் சினிமாக் கனவுக்கு மட்டுமானது இல்லை. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூலை வாசித்துப் பதியலாம். ஓதுவாரின் தேவாரமும் பாட்டியின் தாலாட்டும் கானா பாடகரின் புதுப்பாட்டும் அங்கே பதிவாகலாம்.

கேட்பது இவ்வளவுதான். கிளை நூலகத்தில் பன்னிரண்டுக்குப் பதினாறு அடியில் ஓர் அறை. நான்கு பக்கமும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரட்டைக் கதவு, சத்தமில்லாத ஏசி, நல்ல எர்த் இணைப்பு, இரண்டு மைக், ஒரு கணினி, அவற்றைக் கையாளத் தெரிந்த ஓர் ஊழியர், மணிக்கு ஒரு சிறு கட்டணம். தாம்பரம் மாநகராட்சியும் மாவட்ட நூலக ஆணைக்குழுவும் கூடிப் பேசினால், முதல் அறையைக் கீழ்க்கட்டளையிலேயே கட்டித் தொடங்கலாம். பிள்ளைகள் பட்டப்பகலில், ஏசி ஓட, வியர்க்காமல் அந்தப் பல்லவியைப் பாடி முடிக்கலாம்.